மறு: 'ஒன்பது ரெல்ம்'களுக்குத் தமிழ்: 'கிளையுலகு'

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மார்வெலின் தோர் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கு உதவியாக, அவற்றில் வரும் 'Nine Realms' என்னும் ஒன்பது உலகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> 'அரசு' அல்லது 'நாடு' என்றே சொல்லலாமே. ஓடின் ஒரு மன்னர்தானே?

தோரின் தந்தை ஓடின், ஆஸ்கார்ட் என்னும் உலகின் மன்னர்தான். ஆனால் 2011இல் வந்த முதல் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கி.பி. 965இல் நார்வேயின் டோன்ஸ்பெர்க்கில் பனி அரக்கர்கள் இறங்குகிறார்கள். அங்கே நார்வே என்பது நாடு. மிட்கார்ட் என்பது நாம் வாழும் இந்த உலகம் முழுவதும். இரண்டையும் 'நாடு' என்றால் அந்தக் காட்சியையே விளக்க முடியாது. இக்கதைகளின் மூலமொழியான பழைய நார்ஸில் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) இதற்குரிய சொல் 'ஹெய்ம்ர்'. அதற்கு வீடு, உலகம் என்ற பொருள்கள்தான் உண்டு, ஆட்சி என்ற பொருள் இல்லை. யோட்டன்ஹைம் (அரக்கர் உலகு), முஸ்பெல்ஹைம் (நெருப்பு உலகு) என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அதுவே. ஆகவே 'உலகு' என்பதை விடக் கூடாது.

> 'நவலோகம்' அழகாக இருக்கிறது.

ஓசை அழகுதான். ஆனால் பஞ்சலோகம் என்று சொல்லிப் பழகிய காதில் அது ஒன்பது உலோகம் என்றே விழும். எண்ணுப்பெயருக்கு 'ஒன்பான்' இருக்கிறதே, ஒன்பான் சுவை என்பதுபோல.

> 'இணையுலகு' என் தேர்வு.

இதில் இரண்டு சிக்கல்கள். இணைய உலகு என்று தவறாக வாசிக்கப்படும் என்பது சிறியது. பெரியது, மார்வெல் படங்களில் பல்லண்டம் (multiverse) என்ற கருத்தும் தனியாக ஓடுகிறது. அங்கே வருபவை வேறு வேறு அண்டங்கள். ஒன்பது உலகங்களோ ஒரே அண்டத்துக்குள் இருப்பவை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்வரக்கூடியவை. 'இணை' என்றதும் பக்கத்தில் ஒட்டாமல் ஓடும் மற்றோர் அண்டமே நினைவுக்கு வருகிறது. இந்த வேறுபாடு குழம்பினால் படத்தின் கதையே குழம்பிவிடும்.

'திணை' என்று முன்மொழிந்த அம்மையாரின் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெருப்பு நிலம், பனி நிலம் என ஒவ்வோர் உலகுக்கும் ஓர் இயல்பு இருப்பது உண்மை. ஆனால் திணை என்பது நிலத்தோடு ஒழுக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும் சொல். முஸ்பெல்ஹைமைப் பாலை என்று எழுதினால் பிரிவைத் தேடத் தொடங்குவோம். மேலும், ஒன்பதையும் ஒன்றோடொன்று சேர்ப்பது எது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை.

சேர்ப்பது ஒரு மரம். இக்ட்ரசில் என்னும் 'ஆஷ்' (ash) வகை மரம். வோலுஸ்பா என்ற பழம்பாடலில் ஞானப்பெண் ஒருத்தி, ஒன்பது உலகங்களை நினைவுகூர்கிறேன் என்கிறாள். அந்த ஒன்பதின் முழுப் பட்டியல் எந்தப் பழைய நூலிலும் இல்லை. இன்று படங்களிலும் இணையத்திலும் உலவும் பட்டியல் பிற்காலத்தார் தொகுத்தது. இதை நம் கட்டுரைகளில் கட்டாயம் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரிவது மரமும் அதன் மூன்று வேர்களும்தான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' (Edda) என்னும் நூலில் அந்த வேர்கள் எங்கெங்கே போகின்றன என்ற விளக்கம் இருக்கிறது. 2011 படத்தில் தோர், அறிவியலாளர் ஜேன் ஃபாஸ்டரின் குறிப்பேட்டில் இதே மரத்தை வரைந்துதான் ஒன்பது உலகங்களையும் விளக்குகிறான்.

ஆகவே என் முன்மொழிவு: கிளையுலகு.

கிளை என்றால் மரக்கிளை. கிளை என்றால் சுற்றமும்தான். கிளைஞர் என்பார் உறவினர். இந்த இரண்டாம் பொருள்தான் என்னை இச்சொல்லின் பக்கம் முழுமையாகச் சாய்த்தது. நார்ஸ் கதைகளில் உலகங்கள் போரால் மட்டுமல்ல, கொண்டு கொடுத்தும் கட்டுண்டவை. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். வானிர் என்னும் மற்றொரு கடவுளர் குலத்து நியோர்ட் பிணையாக ஆஸ்கார்ட் வந்தான். பின்பு அரக்கன் மகள் ஸ்காடியை மணந்தான். படத்தில் லோகி, பகையரசன் லாஃபியின் பிள்ளை, ஓடினின் வளர்ப்பு மகன். (பழங்கதையில் லாஃபி தாயின் பெயர், படம் அதைத் தந்தைக்குச் சூட்டிவிட்டது.) முதல் படத்தின் துயரமெல்லாம் இந்த உறவுச் சிக்கலில்தான் இருக்கிறது. ஒரே சொல் மரத்தையும் சுற்றத்தையும் காட்டுவது தமிழுக்கு வாய்த்த பேறு.

ஒரு மறுப்பு வரும். லோகி தொடரில் காலக்கோடுகள் கிளைவிடுகின்றனவே, அதோடு மயங்காதா? அதைக் 'கிளைக்காலம்' என்போம். பின்னொட்டே வேறுபாட்டைக் காட்டிவிடும்.

உலகங்களை இணைக்கும் பிவ்ரோஸ்டைப் பெயராகவே வைத்து, முதல் முறை மட்டும் 'வானவில் பாலம்' என்று விளக்கினால் போதும். 'புழுத்துளை' (wormhole) என்று பெயர்க்க வேண்டாம். புழுத்துளைக்கு அறிவியலில் இன்னொரு பெயர் ஐன்ஸ்டைன்–ரோசன் பாலம். 1935இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த அந்தப் பாலத்தை ஜேன் தேடுகிறாள். அவள் தேடும் அறிவியலும் தோர் அறிந்த தொன்மமும் ஒன்றே என்பதுதான் படத்தின் வாதம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். பழம்பாடலில் பாலம் தீப்பற்றி எரிவதால் தோர் நாள்தோறும் ஆறுகளில் இறங்கி நடந்தே மரத்தடிக்குப் போகிறான் என்பதையும் கட்டுரையாளர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

2013 படத்தில் 5000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்பதும் ஒரே வரிசையில் வரும் நிகழ்வுக்குக் 'கூடல்' என்பேன். முக்கூடல் என்று ஆறுகளுக்குச் சொல்வது நமக்குப் பழக்கம்தான்.

பயன்பாட்டில் சோதிக்க இரண்டு வாக்கியங்கள்:

"ஒன்பான் கிளையுலகுகளில் மிட்கார்டும் ஒன்று."
"கூடலின்போது கிளையுலகுகளுக்கு இடையே வாயில்கள் திறந்தன."

உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் 'கிளையுலகுகளுக்கு' நாக்கில் நீளுகிறது என்போர், பன்மையிலும் 'கிளையுலகு' என்றே நிறுத்தலாமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்