95 மாடல் ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா?

நண்பர்களே, ஈரோட்டில் ஒருவரிடம் 1995 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 விலைக்கு வந்திருக்கிறது. 85,000 சொல்கிறார், பேசினால் கொஞ்சம் இறங்குவார் போல.

ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டியிருக்கிறார். வண்டி சூடான பிறகு ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். பிஸ்டன் ஆட்டமா, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங்கா என்று எனக்குப் பிடிபடவில்லை. சிலிண்டரைப் போர் செய்து (உட்புறத்தைக் கடைந்து) பிஸ்டன் மாற்றுவதென்றால் சரி. கிராங்க் என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டுமே!

அதைவிடப் பெரிய தலைவலி ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. 2025-இல் முடிந்துவிட்டது, எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பிக்கவில்லை. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகிறது. ஆனால் வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் புது பெயின்ட் அப்பியிருக்கிறது. சுரண்டிப் பார்க்கிறேன் என்றால் முகம் மாறுகிறது மனிதருக்கு.

அவரே ஆர்சியைப் புதுப்பித்துத் தரட்டும், அப்புறம் பணம் என்று சொல்லலாமா? அல்லது விலையைக் குறைத்து வாங்கி நானே ஆர்டிஓ ஆபீஸ் அலையலாமா? ஈரோடு, கோவை பக்கம் டூ ஸ்ட்ரோக் கைவந்த மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டணும். வேண்டாம் என்பவர்கள் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். மனசு கேட்கணுமே.