பழைய குவாட் கோர்: கிளாக்க ஏத்துறதா, டிஸ்க்க பாக்குறதா?

மஞ்சக்குப்பம் ஸ்டுடியோ
கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற மெஷின். கோர் 2 குவாட் கியூ6600 சிபியு, ஜி31 போர்டு, டிடிஆர்2-800 ரேம் 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. காப்பி போட்டா செகண்டுக்கு 4 எம்பி தாண்டல. முகூர்த்த நேரம், புது மெஷினுக்கு இப்ப கையில காசு இல்ல. ஓவர்கிளாக் பண்ணா, அதாவது சிபியு கிளாக்க கம்பெனி வெச்சதுக்கு மேல ஏத்துனா, சரியாகுமா?

லாஸ்பேட்டை கிளாக்கர்
தாராளமா பண்ணுங்க அண்ணே. இப்ப எஃப்எஸ்பி (போர்டு சிபியுவுக்குக் குடுக்குற அடிப்படை கிளாக்) 266 மெகாஹெர்ட்ஸ், அது x 9, அதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். எஃப்எஸ்பிய 333 ஆக்குனா 3.0 கிகாஹெர்ட்ஸ். புதுச்சேரில என் மெஷின் அப்படித்தான் ஓடுது.

முதுநகர் சர்வீஸ்
வேணாம் சார். 4 எம்பிக்கு சிபியு காரணமே இல்ல. ஹார்ட் டிஸ்க் உள்ள இருக்கிற 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்ட், நீங்க கிளாக்க எவ்ளோ ஏத்துனாலும் அது மாறாது. டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ சேனல (டிஸ்க்கும் போர்டும் பேசுற வழி) பாருங்க. டைம்-அவுட், சிஆர்சி பிழை (வழியில டேட்டா கெட்டுப்போறது) மொத்தம் ஆறு சேர்ந்தா விண்டோஸ் வேகத்த இறக்க ஆரம்பிக்கும். பிழை நிக்கலன்னா படிப்படியா பிஐஓ (சிபியுவே டேட்டாவ அள்ளுற மெதுவான பழைய முறை) வரைக்கும் இறக்கிடும். ஸ்மார்ட்ல (டிஸ்க் தன் நிலைமைய தானே எழுதி வெக்கிற கணக்கு) 05 (கெட்டுப்போயி மாத்தி வெச்ச செக்டார், அதாவது டேட்டா வெக்கிற சின்னத் துண்டு), சி5 (படிக்க முடியாம நிக்கிற செக்டார்), சி7 (சிஆர்சி பிழை) மூணும் எவ்ளோன்னு சொல்லுங்க.

லாஸ்பேட்டை கிளாக்கர்
பிஐஓவுல டேட்டாவ சிபியுதானே அள்ளுது? அப்ப கிளாக் ஏறுனா அதுவும் ஏறணுமே.

முதுநகர் சர்வீஸ்
ஏறாது. பிஐஓ மோட் 4ல ஒரு தடவை 2 பைட் எடுக்க 120 நானோசெகண்ட். அது ஐடிஇ விதிப்படி வெச்ச நேரம். கணக்குப்படி அதிகபட்சமே 16.7 எம்பி. சிபியு வேகமானா காத்துக்கிட்டு நிக்கும், அவ்ளோதான்.

மஞ்சக்குப்பம் ஸ்டுடியோ
பார்த்தேன், பிஐஓன்னுதான் காட்டுது. 05ல 0, சி5ல 8, சி7 நூறத் தாண்டிடுச்சு.

முதுநகர் சர்வீஸ்
சி7 ஏறுனா பெரும்பாலும் கேபிள். கடலூர் உப்புக்காத்துல கனெக்டர் கறுத்துப் போறத தினமும் பாக்குறேன். புது சாட்டா கேபிள் (டிஸ்க்க போர்டோட சேர்க்குறது) போட்டு, அந்தச் சேனல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆனா எனக்கு பயம் சி5தான். படிக்க முடியாத 8 செக்டார் இருக்குன்னு அர்த்தம். வேற வேலை எதுவும் வேணாம், முதல்ல போட்டோவ எல்லாம் வெளி டிஸ்க்குக்கு எடுங்க. அடுத்தவங்க வீட்டு கல்யாணம் சார் அது, திரும்ப எடுக்க முடியாது.

லாஸ்பேட்டை கிளாக்கர்
டிஸ்க் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா ஃபில்டர் போடுறது, ஜேபெக் எக்ஸ்போர்ட் எல்லாம் சிபியு வேலை. 25 சதவீதம் கிளாக் சும்மா கிடைக்கும்போது ஏன் விடணும்?

முதுநகர் சர்வீஸ்
சும்மா கிடைக்கல. எஃப்எஸ்பிக்கும் ரேமுக்கும் உள்ள விகிதம் 2:3லயே இருந்தா, 333ல உங்க 800 ரேம் டிடிஆர்2-1000 வேகத்துல ஓட வேண்டி வரும். ரேம்ல ஒரு பிட் புரண்டா அதுவே டிஸ்க்குல சேவ் ஆகும், ஆல்பம் பிரிண்டுக்குப் போறப்பதான் தெரியும். அக்னி நட்சத்திரத்துல, ஏசி இல்லாத ரூம்ல, கம்பெனி ஃபேன நம்பி இத செய்யக் கூடாது.

லாஸ்பேட்டை கிளாக்கர்
விகிதத்த 1:1 ஆக்குனா ரேம் 667லதான் ஓடும். நல்ல கூலர் போட்டு, ராத்திரி முழுக்க ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (மெஷின முழு லோடுல வெச்சு சோதிக்கிறது) ஓட்டிட்டு நம்பலாம்.

மஞ்சக்குப்பம் ஸ்டுடியோ
கேபிள் மாத்துனதும் 70 எம்பி வருது! போட்டோ எல்லாம் காப்பி ஆயிட்டிருக்கு. அடுத்து ஒரு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கலாமா, இல்ல கூலரா?

முதுநகர் சர்வீஸ்
எஸ்எஸ்டி. இந்த போர்டுல 300 எம்பிக்கு மேல போகாது, ஆனா தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கிற நேரம் மிச்சம்.

லாஸ்பேட்டை கிளாக்கர்
எஸ்எஸ்டி வாங்குங்க, சரி. கூலரும் வாங்குங்க அண்ணே.