ஹேண்ட் பிரேக் லீவர் போய் பட்டன் வந்தது முன்னேற்றமா?

நெம்புகோல் எழுதியது:

புதிதாக வரும் கார்களில் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஹேண்ட் பிரேக் லீவர் மறைந்துகொண்டே வருகிறது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சுவிட்ச்; எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்று பெயர். 2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தபோது அது சொகுசுக் கார் சமாச்சாரம். இப்போது சிறிய கார்களுக்கும் வந்துவிட்டது. எல்லோரும் இதை முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

லீவர் தன் நிலையைக் கைக்குச் சொல்லும். மேலே நின்றால் பிடித்திருக்கிறது, கீழே கிடந்தால் விட்டிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியும், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் தெரியும். வழக்கத்தைவிட இரண்டு கிளிக் கூடுதலாக மேலே வந்தால் பின்சக்கர பிரேக்கை இழுக்கும் கேபிள் தளர்ந்துவிட்டது என்பதுகூடப் புரியும். சுவிட்ச் அப்படியில்லை. பிரேக் பிடித்திருந்தாலும் விட்டிருந்தாலும் ஒரே மாதிரிதான் கிடக்கும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை விட்டால் வேறு சாட்சி இல்லை. ஒன்றரை டன் இரும்பைச் சரிவில் நிறுத்திவிட்டுப் போகிற மனிதனுக்கு இது போதாது என்பது என் கட்சி. லீவரிலிருந்து பட்டனுக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்.

பின்சக்கரம் எழுதியது:

நெம்புகோல் சார், நான் பிரேக் வேலை பார்க்கிறவன். நீங்க சொல்றதுல ஒரு ஓட்டை இருக்கு. லீவர் காட்டுறது லீவரோட நிலையை. சக்கரத்தோட நிலையை இல்லை. லீவர் மேலே ஜம்முன்னு நிற்கும், பின்னால கேபிள் துருப்பிடிச்சு ஒரு சக்கரத்தை மட்டும் பிடிச்சிருக்கும். இல்லன்னா கேபிள் நீண்டுபோய் ரெண்டையுமே அரைகுறையாப் பிடிச்சிருக்கும். கைக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும்.

இப்ப வர்ற கார்கள்ல பெரும்பாலும் பின்சக்கர டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பர் ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன மோட்டார் இருக்கு. அது ஸ்க்ரூவைச் சுத்தி பிஸ்டனைத் தள்ளி பேடை (உராயுற கட்டையை) டிஸ்க்கோட அழுத்தும். அழுத்தம் ஏற ஏற மோட்டார் இழுக்கிற மின்சாரம் ஏறும். அதை வச்சுத்தான் கன்ட்ரோல் யூனிட் 'போதும்'னு நிறுத்துது. மின்சாரம் எதிர்பார்த்த மாதிரி ஏறலைன்னா எச்சரிக்கை விளக்கு வரும். கேபிள்ல இந்த விசாரணையே கிடையாது.

இன்னொண்ணு சொல்றேன், நிறையப் பேருக்குத் தெரியாது. மலையிறங்கி வந்து நிறுத்துறீங்க. டிஸ்க் கொதிச்சுக் கிடக்கு. ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். பல கார்கள்ல சில நிமிஷம் கழிச்சு மோட்டார் தானே இன்னொரு தடவை இறுக்கிக்கும். பூட்டின வண்டியோட பின்பக்கத்துல 'கிர்ர்'னு சத்தம் கேட்டுப் பதறிப்போய் வர்றவங்க உண்டு. பயப்பட ஒண்ணுமில்ல, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். லீவர் கார்ல அரைமணி கழிச்சுத் திரும்பிப் போய் இன்னொரு கிளிக் இழுத்துட்டு வர்றவங்க யாரு?

மூட்டுவலி எழுதியது:

நெம்புகோல் ஐயா, உங்கள் கைக்குச் சொல்கிற லீவர் என் கைக்கு என்ன செய்கிறது என்பதையும் கேளுங்கள். எனக்கு மணிக்கட்டில் முடக்குவாதம். மேட்டில் நிறுத்தினால் முழு பலத்தோடு இழுக்க என்னால் ஆகாது. கொஞ்சம் இழுத்துவிட்டு, கியரிலும் போட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். சுவிட்ச் வந்த பிறகு அந்தப் பயம் எனக்கு இல்லை. என் விரல் ஒன்று போதும்; இறுக்குவது மோட்டார். வலுவான கைகளை மனத்தில் வைத்துக்கொண்டு 'லீவரே பாதுகாப்பு' என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களைக் கணக்கில் சேர்க்காமல் எழுதுவது.

பின்சக்கரம் எழுதியது:

மேடம் சொன்னதுக்கு ஒரு கணக்கு தர்றேன். பல நாடுகள் பின்பற்றுற ஐ.நா. விதிமுறை 13-எச் படி, முழுப் பாரம் ஏத்தின கார் 20 சதவீதச் சரிவுல பார்க்கிங் பிரேக்கால மட்டும் நிற்கணும். ஆனா கையால இழுக்கிற லீவரா இருந்தா, அந்தச் சோதனையில 400 நியூட்டன் வரைக்கும் விசை கொடுத்து இழுக்கலாம். ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தூக்குற பலம். தினமும் யாரு அப்படி இழுக்கிறாங்க? மோட்டாருக்குக் கை பலம் பிரச்சினையே இல்லை.

நெம்புகோல் எழுதியது:

மூட்டுவலி அம்மா, உங்கள் நிலை புரிகிறது. உங்களுக்கு அந்தச் சுவிட்ச் அவசியம். எல்லோருக்கும் அதை மட்டுமே கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பின்சக்கரம், மோட்டாரின் மின்சாரத்தைப் பார்த்து அழுத்தத்தை ஊகிக்கிறது என்கிறீர்கள். ஊகம்தானே? சரி, அது சரியாகவே ஊகிக்கட்டும். நான் பேசுவது ஓட்டுபவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. 2016இல் ஃபியட் கிறைஸ்லர் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் கியர் செலக்டரை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது பழைய நடு இடத்துக்கே திரும்பி வந்து நின்றுகொள்ளும். வண்டியை நகராமல் நிறுத்தும் 'பார்க்' கியரில் போட்டுவிட்டதாக எண்ணி இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. அது பார்க்கிங் பிரேக் இல்லை, தெரியும். ஆனால் குணம் ஒன்றுதான்: கட்டளை வாங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும் கருவி, தான் வாங்கிக்கொண்டதா இல்லையா என்பதைக் கைக்குச் சொல்வதில்லை.

எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கே வேண்டுமென்றால் 2017ஐப் பாருங்கள். டெஸ்லா சுமார் 53,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காலிப்பருக்குள் இருந்த ஒரு சிறு பற்சக்கரம் உடைந்தால் பிடித்த பிரேக் விடாமல் போகலாம் என்று.

பின்சக்கரம் எழுதியது:

அதுக்கு முந்தின வருஷம், 2016ல, டொயோட்டா சுமார் 3,40,000 பிரியஸ் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அது காலால மிதிக்கிற, கேபிள் வச்ச பார்க்கிங் பிரேக். கேபிள் கழன்டு பிரேக் பிடிக்காமப் போகலாம்னு. டெஸ்லாவுல வந்த குறை விடாமப் போறது, பிரியஸ்ல வந்த குறை பிடிக்காமப் போறது. சரிவுல நிற்கிற வண்டிக்கு எது ஆபத்துன்னு நீங்களே யோசிங்க சார்.

இரட்டை பெடல் எழுதியது:

நான் ஓட்டுநர் பயிற்சி தருகிறேன். லீவர் கார், பட்டன் கார் இரண்டிலும் கற்றுத் தருகிறேன். இரு தரப்பும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பார்ப்பது பழக்கத்தை.

பழைய ஓட்டுநர்கள் பட்டன் காரில் முதலில் தடுமாறுவது மேட்டில் வண்டியை எடுக்கும்போது. கிளட்ச் பிடிக்கும் புள்ளிக்கு வந்ததும் லீவரை மெல்ல இறக்குவது அவர்கள் கையில் ஊறிய வித்தை. இங்கே இறக்க ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரேக் தானே விடும். ஆனால் பல கார்களில் அதற்கு நிபந்தனை உண்டு: சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், கியர் விழுந்திருக்க வேண்டும். பெல்ட் போடாமல் நாலடி நகர்த்தப் பார்த்து, வண்டி நகராமல் முறுக்கு முறுக்கென்று முறுக்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஆட்டோ ஹோல்டு. சிக்னலில் காலை எடுத்தாலும் வண்டி நிற்கிறது, டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. அதைப் பார்க்கிங் பிரேக் என்று நம்புகிறார்கள். ஆட்டோ ஹோல்டு நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சில நிமிடங்கள் போனால், அல்லது பெல்ட்டைக் கழற்றினால், கதவைத் திறந்தால் பொதுவாக வண்டி தானே பார்க்கிங் பிரேக்குக்கு மாறிக்கொள்ளும். எல்லாக் காரிலும் எல்லாச் சமயத்திலும் மாறும் என்று எண்ணி இறங்கக் கூடாது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: கால் பிரேக்கை அழுத்தியே வை, சுவிட்சை இழு, சிவப்பு விளக்கு வந்ததா பார், பிறகு பார்க்கில் போடு, கடைசியாகத்தான் காலை எடு. அப்போது வண்டியின் பாரம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னக் கொக்கி மேல் விழாமல் பிரேக் மேல் விழும்.

நெம்புகோல் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஏற்கிறேன். நிறைய கார்களில் சுவிட்சை இழுத்தால் பிடிக்கும், அழுத்தினால் விடும். மெர்சிடிஸில் தலைகீழ்: அழுத்தினால் பிடிக்கும், இழுத்தால் விடும். ஒரே விரல் அசைவுக்கு இரண்டு காரில் எதிரெதிர் பலன். லீவர் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இதை யாரும் ஒழுங்குபடுத்தாமல் விட்டிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

மேட்டுவழி எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். பேட்டரி இறங்கிவிட்டால் என்ன ஆகும்? பிரேக் விட்டுவிடுமா?

பின்சக்கரம் எழுதியது:

விடாது. மின்சாரம் பிடிக்கவும் விடவும் மட்டும்தான், பிடிச்சே வச்சிருக்க இல்லை. ஸ்க்ரூ ஜாக்கி மேல வண்டியை ஏத்தி வச்சா தானாச் சுத்தி இறங்காதுல்ல, அதே சங்கதி. ஆனா பிடிச்சிருந்தா பேட்டரி வர்ற வரைக்கும் விடுவிக்கவும் முடியாது. தள்ளி ஸ்டார்ட் பண்ண நினைக்காதீங்க, வேற பேட்டரியில இருந்து ஜம்ப் கொடுத்துட்டு சுவிட்சை அமுக்குங்க. ரெண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மோட்டார் கேபிளை இழுக்கிற பழைய வகைகள் சிலதுல டிக்கிக்குள்ள அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறு இருந்துச்சு. காலிப்பர் மோட்டார் வகையில அது கிடையாது.

பின் பேட் மாத்தும்போது இன்னும் கவனம். வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டுற ஸ்கேனரை வச்சோ, கம்பெனி சொன்ன முறையிலயோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து மோட்டாரைப் பின்னால இழுத்துட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளணும். பழைய பழக்கத்துல கிளாம்ப் போட்டு நெருக்கினா உள்ளே உடையும். அப்படி உடைஞ்சு எங்ககிட்ட வந்த வண்டிகள் இருக்கு.

நெம்புகோல் எழுதியது:

பார்த்தீர்களா, பேட் மாற்றக்கூட ஸ்கேனர். போகட்டும். ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால்? லீவரை விட்டு விட்டு இழுத்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். சுவிட்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரட்டை பெடல் எழுதியது:

சுவிட்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் பிரேக்கும் விடும். பெரும்பாலான கார்களில் இந்த நிலையில் ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) பம்ப் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் அழுத்தம் கொடுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கூடவே வேலை செய்யும். லீவரைப் பதற்றத்தில் இழுத்தால் பின்சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். படிப்படியாக இழுக்கிற நிதானம் அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு வரும்? ஆனால் பட்டன் கார் வாங்கியவர்களில் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். சுவிட்ச் நடுவில் இருந்தால் அவர் கைக்கும் எட்டும்.

நெம்புகோல் எழுதியது:

சுவிட்ச் ஸ்டியரிங்குக்கு இடப்புறமோ வலப்புறமோ டேஷ்போர்டில் ஒளிந்திருந்தால் எட்டாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்திலும் பிடிப்பது நல்ல ஏற்பாடு, அதை மறுக்கவில்லை. என் எதிர்ப்பு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது: பிடித்திருக்கும்போது சுவிட்ச் உள்ளே அமுங்கியோ வெளியே துருத்தியோ நிற்கட்டும். மோட்டார் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய வேலையா?

மூட்டுவலி எழுதியது:

அப்படி ஒரு சுவிட்ச் வந்தால் நானும் உங்கள் பக்கம் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. லீவரைத் திரும்பக் கேட்டால் மட்டும் போடமாட்டேன்.

பின்சக்கரம் எழுதியது:

அதுல ஒரு சிக்கல் இருக்கு சார். ஆக்சிலரேட்டர் மிதிச்சா தானா விடுறது, எஞ்சினை அணைச்சா தானா பிடிக்கிறது, இதெல்லாம் சுவிட்சைத் தொடாமலே நடக்குது. அப்போ துருத்தி நிற்கிற சுவிட்ச் பொய் சொல்லும். அதையும் தானே நகர வைக்க இன்னொரு மோட்டார் வேணும். சுவிட்சுலயே விளக்கு வச்சிருக்காங்க பல கார்கள்ல, முதல்ல அதைப் பார்க்கப் பழகலாம்.

நெம்புகோல் எழுதியது:

தானாக விடுவதையும் தானாகப் பிடிப்பதையும் அணைத்து வைக்க எல்லாக் காரிலும் வழி கொடுங்கள், அப்போது சுவிட்ச் பொய் சொல்லாது. நான் ஓட்டும் காரில் அந்த வசதி இருக்கிறது, அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு நானே இழுக்கிறேன், நானே விடுகிறேன்.