வீட்டில் செய்த மாய்ஸ்சரைசர்: மனதை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

வெட்டிவேர்:
நானே தொடங்குகிறேன். நூறு முறை கழுவிய நெய் தெரியும்தானே, செம்புத் தட்டில் பசு நெய்யைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்து வடிப்பார்களே, அதுதான். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும், இரவெல்லாம் சொறிவார். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை, மஞ்சள் நெய் வழுக்கி ஓடுகிறது, தண்ணீர் கலங்கலாக வருகிறது, தோள்பட்டை விட்டுப்போய் இத்தோடு போதும் என்று நினைக்கும்போது நெய் சட்டென்று விரலைப் பிடித்துக்கொண்டது. பார்த்தால் வெள்ளை வெளேர் என்று ஒரு கிரீம். நெய் வாசனை துளியும் இல்லை. அப்பா ஒரு விரல் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு "என்ன விலை?" என்றார், நம் வீட்டு நெய்தான் என்றால் நம்பவே இல்லை. அந்த வாசனை எங்கேதான் போனது?

மலைக்காற்று:
வாசனை விஷயம் எனக்குத் தெரியாது. நான் கொடைக்கானல். தேங்காய் எண்ணெய் 8 பங்குக்குத் தேன்மெழுகு 1 பங்கு, எடைக் கணக்கு, அதற்கு மேல் போட்டால் இங்கே நகத்தால்தான் சுரண்ட வேண்டும். ஜனவரியில் எண்ணெய்ப் பாட்டிலையே வெந்நீரில் நிறுத்தினால்தான் ஊற்ற முடிகிற ஊர். அதே டப்பாவை வேலூரில் இருக்கும் தங்கைக்குச் சித்திரை மாதம் அனுப்பினேன். கூரியர் தம்பி பார்சலை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றானாம், சட்டையெல்லாம் எண்ணெய், "அக்கா, ஊறுகாயா?" தங்கை இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், எனக்கு அந்தப் பையனின் சட்டைதான் நினைப்பில் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், மெழுகு உருக 62 தாண்ட வேண்டும். இப்போது வேலூருக்கு என்றால் 4-க்கு 1.

மருந்துக்கடை மாமா:
வெட்டிவேர், நெய் மணத்தில் பியூட்ரிக் அமிலம் போன்ற சின்ன அமிலங்களுக்குப் பங்கு உண்டு, அவை தண்ணீரில் கரையும், நீங்கள் வடித்துக் கொட்டியதோடு போயிருக்கும். ஆனால் செம்புத் தட்டை நான் ஏற்க மாட்டேன், செம்பு பட்டால் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும்.

என் அனுபவம் சின்னது. ஒரு மகளிர் கண்காட்சியில் கற்றாழை கிரீம் டப்பாவைத் திறந்தேன், மூடியின் அடியில் கறுப்புப் புள்ளிகள். விற்ற அம்மா ஒன்றும் நடக்காததுபோல முந்தானையால் துடைத்துவிட்டு "மூலிகைத் துகள் சார்" என்றார். பக்கத்தில் ஒரு பெண் அதையே வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் கேளுங்கள். தண்ணீர், கற்றாழை, பன்னீர் எது சேர்ந்தாலும் கிருமி வளரும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்பது தப்பு, அது எண்ணெய் காறாமல் பார்த்துக்கொள்ளும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சோடியம் பென்சோயேட் என்ற பாதுகாப்புப் பொருளைப் போட்டாலும் கலவை புளிப்புப் பக்கம் இருந்தால்தான் வேலை செய்யும். கற்றாழை மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிடுங்கள், அரிப்பு அதனால்தான். பாதுகாப்புப் பொருள் வேண்டாம் என்றால் கொஞ்சமாகச் செய்து, பிரிட்ஜில் வைத்து, காய்ந்த கரண்டியால் எடுத்து, ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். விற்கப் போகிறீர்களா, 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். எலுமிச்சையைத் தடவிக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

வெட்டிவேர்:
நன்றி மாமா. தோல் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அப்பாவுக்குத் தடவினேன். செம்பை மட்டும் விட மாட்டேன், பாட்டியின் தட்டு.

பனிக்கூரை:
மாமா, அவர் கேட்டது ஒரு வாசனையை, நீங்கள் எடுத்தது ஒரு வகுப்பு. எலுமிச்சையை யார் கேட்டார்கள்?

நான் டொரண்டோவில் நர்ஸ். ஜனவரியில் வெளியே எலும்பு நடுங்கும் குளிர், உள்ளே ஹீட்டர் காற்று, ஷிப்ட் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், விரல் மடிப்பு வெடித்து ரத்தம் கசியும். அம்மா போனில் சொன்ன கிளிசரின் பன்னீரைத் தடவினால் எரிச்சலில் கண்ணீர் வந்தது. கானாவிலிருந்து வந்த சீனியர் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார், அவர் ஊரில் பெண்கள் ஷியா மரக்கொட்டையிலிருந்து காய்ச்சி எடுக்கிற ஷியா வெண்ணெய், லேசாகப் புகை வாசம். தன் உள்ளங்கையில் வைத்து உருக்கி என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டார், நோயாளிகள் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே. இப்போது அதோடு நல்லெண்ணெயும் மெழுகும் சேர்த்து நானே செய்கிறேன். உருக்கியதைச் சீக்கிரம் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரவை ரவையாகிவிடும்.

தேனடை:
எல்லாரும் மெழுகு மெழுகு என்கிறீர்கள், அது மெழுகுதானா என்று யார் பார்த்தீர்கள்? நான் வாங்கிய கடையில் "சுத்தமான தேன்மெழுகு" என்று கட்டி கட்டியாக அடுக்கியிருந்தது. பணம் கொடுத்தாயிற்று, முதலாளி போன் பேச உள்ளே போனார். பொட்டலம் கட்டிய பையன் குனிந்து கயிற்றை முடிந்துகொண்டே மெதுவாகச் சொன்னான், "அக்கா, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பாருங்கள். தேன்மெழுகு இளகும், இது உதிரும்." சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீயக்காய் நிறுக்கப் போய்விட்டான். உதிர்ந்தது.