கேமரா மவுஸ்: இன்னும் மனதில் உறுத்தும் ஒரு சந்திப்பு

நத்தை:
அண்ணனுக்கு ஏஎல்எஸ், உடம்பின் தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய். கழுத்தில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். கேமரா மவுஸ் என்ற மென்பொருளில்தான் எழுதுகிறார்: முகத்தில் குறித்துவைத்த ஓர் இடத்தைக் கணினியின் கேமரா பின்தொடரும், தலை அசைந்தால் திரையில் சுட்டி நகரும், சுட்டி ஓரிடத்தில் சற்று நேரம் நின்றால் அங்கே தானாகச் சொடுக்கும். சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் எதிரிலேயே இருக்க, என்னைப் பார்த்து, "நாம் பேசுவது இவருக்குப் புரிகிறதா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் திரையில் சுட்டி நகரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் போய் நின்று, அது சொடுக்கும் வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போயிற்று. வந்தவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மருந்து, உணவு, படுக்கைப் புண் என்று பேசி முடித்துக் கிளம்பியும்விட்டார். கதவைச் சாத்திய பிறகுதான் வாக்கியம் முடிந்தது: "என்னிடமே கேட்டிருக்கலாமே."

மழைத்தூறல்:
இவ்வளவு நேரம் ஆகிறது என்றால் அமைப்பில்தான் கோளாறு. காத்திருப்பு நேரத்தைக் குறையுங்கள். முகத்தில் எந்த இடத்தைக் குறித்திருக்கிறீர்கள்? கன்னம் வேண்டவே வேண்டாம், வழவழப்பான தோலில் கேமராவுக்குப் பிடி கிடைக்காது. புருவ முனை, நாசித் துளை போல நிறம் சட்டென்று மாறும் இடம்தான் நிலைத்து நிற்கும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும், நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். கழுத்து அசைவு குறைவு என்கிறீர்கள். லேசாக அசைத்தாலே சுட்டி திரையின் ஓரம் வரை போகும்படி வைத்துக்கொள்ளலாம். பாஸ்டன் கல்லூரியில் உருவான இந்த மென்பொருள் 2007 முதல் இலவசமாகக் கிடைப்பது, அதனால் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். அவள் படம் வரைந்துகொண்டிருந்தபோது எச்சில் துடைக்கக் குனிந்தேன். கேமரா அவள் புருவத்தை விட்டுவிட்டு என் தோட்டைப் பிடித்துக்கொண்டது. நான் நகர நகரத் திரை முழுவதும் கோடு. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கரிசல்:
நத்தை அமைப்பைப் பற்றியா கேட்டார்? அவர் சொல்வது அந்த மனிதர் காத்திருக்கவில்லை என்று.

தவிர, காத்திருப்பு நேரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் கருவி அகச்சிவப்பு ஒளியில் கண்ணையே பின்தொடர்வது. நேரத்தைக் குறைத்ததும், படிப்பதற்காக ஒரு வரியில் கண் நின்றாலே அதைச் சொடுக்கிவிட்டது. செய்தி படிக்க உட்கார்ந்தவர் விளம்பரம் விளம்பரமாகப் போய் விழுந்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். களைப்பில்லை, கோபம். ஆகவே 'குறையுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், மழைத்தூறல். சொடுக்குவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அவருக்கு வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.