ஆண்டு 1 பிள்ளைகளுக்கு ஓடியாடும் ஆங்கில விளையாட்டு வேண்டும்

வணக்கம் ஆசிரியர்களே. மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1-க்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மொத்தம் 28 பேர். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நாற்காலியில் இருப்பதில்லை. ஏழு வயதில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

'சைமன் செஸ்' (அந்தச் சொற்களோடு வரும் கட்டளையை மட்டும் செய்யும் விளையாட்டு) விளையாடினோம். தவறினால் வெளியே என்பதால், அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் சுவரோரம் போய் உட்கார்ந்தது. இப்போது யாரையும் வெளியேற்றுவதில்லை. அப்புறம் கல்லா மண்ணாவைக் கொஞ்சம் மாற்றி 'ஆன்', 'அண்டர்', 'பிஹைண்ட்' சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே எடுபட்டது.

சிக்கல் ஒலியில்தான். ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு சொல், பெரியதுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'. பிள்ளைகளின் காதிலும் அப்படித்தான் விழுகிறது. இரண்டு சுவரில் இரண்டு படம் ஒட்டி, சொல்லைக் கேட்டு ஓடச் சொன்னேன். முதலில் ஓடுபவன் பின்னாலேயே மொத்த வகுப்பும் ஓடுகிறது! காதுக்கு வேலையே இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் தானே கேட்டு அசையும்படி ஏதாவது விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள். மேசைகளை நகர்த்த இடமில்லை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் புண்ணியமாய்ப் போகும்.