நெட்டு போனா வீட்டுக்குள்ள இருக்குற நாஸும் சேந்து போகுது, மெஷ் வைஃபைன்னா இப்படித்தானா?

மாடிநோடு:
மக்களே, ரெண்டு மாசமா மண்டைய உடைக்குற சந்தேகம் இது. வீட்ல மூணு நோடு மெஷ் வைஃபை ஓடுது, அதாவது மூணு வைஃபை பெட்டி சேந்து ஒரே நெட்வொர்க்கா இருக்கும். கீழ மெயின் நோடு, ஃபைபர் பெட்டில இருந்து ஒரு கேபிள் அதுக்கு வருது. மாடில ஒண்ணு, பின்ரூம்ல ஒண்ணு, அது ரெண்டும் கேபிள் இல்லாம காத்துலயே மெயினோட பேசிக்கும். நாஸ் (நெட்வொர்க் வழியா எல்லாரும் எடுத்துக்குற டிஸ்க் பெட்டி) கீழ மெயின் நோடு பின்னாடி சொருகியிருக்கு, படம் ஃபோட்டோ பேக்கப் எல்லாம் அதுக்குள்ளதான். டிவி மாடில, பிரிண்டர் பின்ரூம்ல.

நெட்டு இருக்குற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. லைன் போச்சுன்னா மட்டும் டிவில நாஸ்ல இருந்து ஓடிட்டு இருக்குற படம் மூணு நாலு நிமிஷம் ஓடிட்டு அப்படியே சுத்த ஆரம்பிச்சிடும், ஃபோன்ல நாஸ் ஆப் திறந்தா கனெக்ட் ஆகலைங்குது, பிரிண்டர் ஆஃப்லைன்ங்குது. படம் இருக்குறது என் வீட்டு அலமாரில, டிவி இருக்குறது என் வீட்டு மாடில, நடுவுல வெளி நெட்டுக்கு என்ன வேலைன்னு கேக்குறேன். மெஷ் ஆப்ப திறந்து பாக்கலாம்னா அதுவும் லாகின் பண்ண நெட்டு கேக்குது! கஸ்டமர் கேர்ல கேட்டா ரீசெட் பண்ணுங்கறாங்க, ரெண்டு தடவை பண்ணியாச்சு, ஒண்ணும் மாறல. ஏதாச்சும் செட்டிங்ஸ் இருக்கா இல்ல இதோட தலையெழுத்தே இவ்ளோதானா?

இரவுக்குருவி:
அய்யோ எனக்கும் இதே கதை, நான் என் நாஸ்தான் மண்டைய போட்டுச்சுன்னு நெனச்சு டிஸ்க் வரைக்கும் கழட்டி மாட்டினேன். பதில் வந்தா எனக்கும் உபயோகம்.

பழையரவுட்டர்:
மெஷ்ஷே வேணாம்னு நான் எப்பவோ சொல்லிட்டேன். வீடு பூரா கேபிள் இழுத்து ரெண்டு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் பரப்புற பெட்டி) மாட்டுனா இந்த ரோதனையே கிடையாது.

கம்பிவால்:
கேபிள் இழுக்க முடிஞ்சவர் மெஷ் ஏன் வாங்கப்போறார் அண்ணே, விடுங்க 😀

மாடிநோடு, முதல்ல ஒரு விஷயம். ஒரே நெட்வொர்க்குல இருக்குற ரெண்டு பொருள் பேசிக்க ரவுட்டரோட மூளையே தேவையில்ல. உங்க டிவி நாஸோட ஐபிக்கு (நெட்வொர்க்குல அதோட நம்பர் அட்ரஸ்) சொந்தக்காரர் யாருன்னு நெட்வொர்க் பூரா கூவும், நாஸ் நான்தான்னு தன் மேக் அட்ரஸை (ஹார்டுவேர் நம்பர்) குடுக்கும், அதுக்கப்புறம் நேரா ஃப்ரேம் (டேட்டா பொட்டலம்) போயிட்டு வரும், நடுவுல இருக்குற பெட்டி வந்தத உரிய போர்ட்டுக்குத் தள்ளி விடுற வெறும் ஸ்விட்ச் வேலைதான் பாக்குது. அதனால நெட்டு போனா இது நிக்கவே கூடாது. நிக்குதுன்னா நடுவுல யாரோ வேணும்னே கைய வைக்கிறாங்கன்னு அர்த்தம், இல்லன்னா நீங்க உள்ளூர் வழின்னு நெனச்சிட்டு இருக்குறதே உண்மைல வெளிய போயி சுத்திட்டு வருதுன்னு அர்த்தம். பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும், அதான் எல்லாரும் குழம்புறாங்க.

அடுத்த தடவை லைன் போனதும் எதையும் ரீஸ்டார்ட் பண்ணாம இத மட்டும் பாருங்க. லேப்டாப்ப மெயின் நோடு பக்கத்துல வச்சு நாஸோட ஐபிய பிங் பண்ணுங்க (பதில் வருதான்னு தட்டிப்பாக்குற கட்டளை), பேர் போடாதீங்க, நம்பர்தான். அப்புறம் லேப்டாப்ப மாடிக்கு எடுத்துட்டு போயி அதே பிங். மாடில வைஃபைய ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு என்ன ஐபி வருதுன்னு பாருங்க. 169.254ன்னு ஆரம்பிச்சா அது யாரும் குடுத்த ஐபி இல்ல, டிஹெச்சிபி (ஐபி குடுக்குற சர்வீஸ்) பதிலே வராததால லேப்டாப் தானா போட்டுக்கிட்டது. அப்படி வந்தா மாடி நோடு மெயினோட பேசல, கதை முடிஞ்சுது.

அப்புறம் அந்த நாஸ் ஆப், அதுல என்ன அட்ரஸ் போட்டு லாகின் பண்ணிருக்கீங்க? ஐபியா, இல்ல கம்பெனி குடுத்த லாகின் ஐடி-யா? கம்பெனி ஐடின்னா அவங்க சர்வர் வழியா வெளிய சுத்திட்டு வர வாய்ப்பு இருக்கு.

ஜன்னலோரம்:
ஃபோனை வச்சு டெஸ்ட் பண்றவங்க ஒண்ணு கவனிங்க, ஃபோன் பொய் சொல்லும். வைஃபைல சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு பின்னாடி கூகுளோட ஒரு அட்ரஸைத் தட்டிப்பாக்கும், 204ன்னு காலிப் பதில் வந்தாதான் நெட்டு இருக்குன்னு ஒத்துக்கும். ஐஃபோன் ஆப்பிளோட பக்கம் ஒண்ணைத் தட்டும், விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டோட ஒரு டெக்ஸ்ட் ஃபைலைக் கேக்கும். பதில் வரலன்னா விண்டோஸ் மஞ்சள் முக்கோணமோ உருண்டையோ காட்டிட்டு பேசாம இருக்கும், ஆனா ஃபோன் அப்படியில்ல, வைஃபை சின்னம் மேல இருக்குறப்பவே கமுக்கமா மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். நீங்க நாஸ் ஐபியைக் கேட்டா அது டவர் பக்கமா போயி தேடும், அங்க உங்க நாஸ் எங்க இருக்கும்?

அதனால டெஸ்ட் பண்றப்ப மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிடுங்க. நெட் இல்லாத வைஃபைல இருக்கவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க. என் வீட்ல பாதிப் பிரச்சினை இதோடயே தீந்துச்சு, அது வரைக்கும் ரவுட்டரத்தான் திட்டிட்டு இருந்தேன்.

மாடிநோடு:
ஆஹா நன்றி. லைன் போற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்ல, அதனால மெயின் நோடுல இருந்து ஃபைபர் பெட்டிக்குப் போற கேபிளைப் புடுங்கிட்டுப் பாத்தேன். உடனே எல்லா நோடும் சிவப்பு லைட். மெயின் பக்கத்துல பிங் போகுது, மாடில போகல. இதே போதுமா?

கம்பிவால்:
பாதி போதும். கேபிளைப் புடுங்குறதும் லைன் போறதும் ஒண்ணு இல்ல. கேபிள் புடுங்கினா அந்த போர்ட்டே செத்துப்போச்சுன்னு நோடுக்கு அந்த நொடியே தெரியும். நெஜமா லைன் போறப்ப போர்ட் உயிரோடதான் இருக்கும், ஃபைபர் பெட்டியும் ஐபி குடுத்துட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கும், அதுக்கு அந்தப் பக்கம்தான் ஒண்ணும் இருக்காது. ரெண்டுக்கும் நோடு வேற வேற மாதிரி நடந்துக்கும்.

நெஜ மாதிரி பண்ணணும்னா ஃபைபர் பெட்டியோட அட்மின் பக்கத்துக்குப் போயி இன்டர்நெட் கனெக்‌ஷனை மட்டும் டிஸ்கனெக்ட் குடுங்க, சில பெட்டில அந்த பட்டன் இருக்கும். ஃபைபர் நூலை மட்டும் கழட்டிடாதீங்க சாமி, முனைல தூசி பட்டாலே சிக்னல் குறையும், அந்த லேசர் கண்ணுக்கும் நல்லதில்ல.

செம்புக்கம்பி:
குறுக்க வரேன், கேபிள் மோடம் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு கூத்து இருக்கு. லைன் இல்லாதப்ப பல மோடம் தானே 192.168.100னு ஒரு தற்காலிக ஐபிய ரவுட்டருக்கு நீட்டும். உங்க வீட்டு நெட்வொர்க்கும் அதே நம்பர்ல இருந்தா ரவுட்டர் ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு திக்குமுக்காடும். வீட்டுக்குள்ள வேற நம்பர் வச்சுக்கோங்க.

மாடிநோடு:
கம்பிவால் சொன்ன மாதிரியே டிஸ்கனெக்ட் குடுத்துப் பாத்தேன், இதோ ரிப்போர்ட், கொஞ்சம் நீளமா இருக்கும்.

முதல் ரெண்டு நிமிஷம் எல்லாம் ஓடுது, மாடில இருந்து நாஸ் பிங் 4, 5 மில்லிசெகண்டுல வருது, டிவில படம் ஓடுது. சுமார் மூணாவது நிமிஷம் மாடி நோடும் பின்ரூம் நோடும் சிவப்பாச்சு, அந்த செகண்டே பிங் நின்னுச்சு. வைஃபை பேர் மட்டும் இன்னும் தெரியுது, சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா 169.254தான் வருது. டிவில அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் படம் ஓடுச்சு, முன்னாடியே இழுத்து வச்சிருந்த பஃபர் போல. கீழ மெயின் நோடு பக்கத்துல மட்டும் கடைசி வரைக்கும் பிங் போச்சு.

நாஸ் ஆப்ல நான் போட்டிருந்தது கம்பெனி ஐடிதான். வாங்குன அன்னைக்கு அது சொன்ன மாதிரியே செட்டப் பண்ணேன், அதோட மறந்துட்டேன். ஐபி போட்டதும் கீழ நல்லா திறக்குது. ஃபோன் மொபைல் டேட்டாவுக்குத் தாவுனதும் உண்மை. ஆக மூணு பேர் கூட்டுச் சேந்து என்னை ஏமாத்திருக்காங்க.

கம்பிவால்:
அருமையான ரிப்போர்ட், இப்படி எழுதுனாதான் பதில் சொல்ல கை வரும்.

அந்த மூணு நிமிஷம்தான் துப்பு. உங்க மெஷ் அப்பப்ப வெளிய தட்டிப்பாக்குது, சில தடவை பதில் வரலன்னா மெயின் நோடு தான் மெயின் இல்லன்னு முடிவு பண்ணிக்குது போல, இல்லன்னா சின்ன நோடுங்க இந்த மெயின் சரியில்ல வேற நல்ல வழி கெடைக்குதான்னு தேட ஆரம்பிக்குது. நோக்கம் நல்லதுதான், நோடு தப்பான இடத்துல ஒட்டிக்கிட்டா கழண்டு வேற இடத்துக்குப் போகணும்ல. ஆனா எழுதுனவங்க நெட்டு இல்லாத வைஃபைக்கு வேலையே இல்லன்னு நெனச்சு எழுதிட்டாங்க. எல்லா மெஷ்ஷும் இப்படி இல்ல, லைட்ட மட்டும் சிவப்பாக்கிட்டு வேலைய ஒழுங்கா பாக்குறதும் இருக்கு.

இதுக்கு ஆப்ல செட்டிங்ஸ் தேடாதீங்க, நான் தேடித் தேடி வெறுத்தவன். ரெண்டு வழி சொல்றேன். ஃபைபர் பெட்டிக்கும் மெஷ்ஷுக்கும் நடுவுல ஒரு சாதா ரவுட்டர் வச்சு ஐபி குடுக்குற வேலையையும் டிஎன்எஸ் (பேரை ஐபியா மாத்துற) வேலையையும் அதுகிட்ட விட்டுட்டு மெஷ்ஷ ஆக்சஸ் பாயின்ட் மோடுல போடுங்க. சில மெஷ் கேட்வே (வெளிய போற வாசலா இருக்குற ரவுட்டர்) பதில் சொன்னாலே சமாதானம் ஆயிடும், கேட்வே இப்ப உங்க சொந்த ரவுட்டர், அது எப்பவும் பதில் சொல்லும். ஆனா வெளில ஒரு சர்வர் பதில் சொன்னாதான் ஆச்சுன்னு அடம் புடிக்குற மாடலுக்கு இது பலிக்காது. போட்டுப் பாத்தாதான் தெரியும். ஆக்சஸ் பாயின்ட் மோடுல போட்டா சில மெஷ்ல குழந்தைங்க கட்டுப்பாடு, கெஸ்ட் வைஃபை மாதிரி சிலது காணாமப் போகும், சொல்லலன்னு வேணாம்.

இன்னொண்ணு, நாஸ்ல இருந்து டிவிக்கு ஒரே ஒரு கேபிள், நடுவுல மூளையே இல்லாத சாதா ஸ்விட்ச். அதுக்கு நெட்டு இருக்கா இல்லையான்னே தெரியாது, அதான் அதோட பெருமை.

பழையரவுட்டர்:
நான் முதல்லயே கேபிள்னுதான் சொன்னேன்.

கம்பிவால்:
சரிண்ணே, ஒத்துக்குறேன்.

பல்புவீடு:
ஸ்மார்ட் லைட் வச்சிருக்கறவங்களுக்கும் இதே பாடம்தான். என்கிட்ட ஜிக்பீ (வைஃபை இல்லாத வேற ரேடியோ முறை) பல்பு எல்லாம் வீட்லயே இருக்குற ஹோம் அசிஸ்டன்ட் (லைட்ட எல்லாம் கட்டுப்படுத்துற சாஃப்ட்வேர்) பெட்டியோட பேசுது, நெட்டு போறது அதுக்குத் தெரியவே தெரியாது. வைஃபை ப்ளக்கு நாலு வாங்கி வச்சேன், அது கட்டளைய கம்பெனி சர்வருக்கு அனுப்பி அங்க இருந்துதான் திரும்ப வாங்குது, லைன் போனா கைல போயி தட்ட வேண்டியதுதான். 2022 அக்டோபர்ல ஸ்மார்ட் பொருளுக்கெல்லாம் பொதுவா மேட்டர் 1.0ன்னு ஒரு தரம் வந்துச்சுல்ல, அதுல கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே போகணும்ங்குறதுதான் அடிப்படை, புதுசா வாங்குறவங்க அத பாத்து வாங்குங்க.

இன்னொரு அடி வாங்குன கதை: கரண்ட்டும் நெட்டும் சேந்து போச்சு, கரண்ட் மட்டும் திரும்பி வந்துச்சு. என் ராஸ்பெரி பை 4ல (குட்டி கம்ப்யூட்டர்) கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, நெட்டுல இருந்துதான் மணி கேட்டுக்கும். நெட்டு இல்லாததால பழைய மணிலயே எழுந்திரிச்சு ராத்திரி லைட்ட எல்லாம் மதியம்னு நெனச்சு அணைச்சு வச்சுது. இப்ப ரவுட்டர்லயே மணி சொல்ற சர்வீஸ் ஓடவிட்டு ராஸ்பெரி பைய அதுகிட்ட கேக்க வச்சிருக்கேன், கரண்ட் போனாலும் ரவுட்டர் சின்ன யூபிஎஸ்ல ஓடிட்டே இருக்கும்ல, அதனால அதோட மணி தப்பாது.

இரவுக்குருவி:
எனக்கு பிங் எல்லாம் போகுது, ஐபி போட்டா நாஸ் பக்கமும் திறக்குது, ஆனா மீடியா சர்வர் ஆப் மட்டும் சைன் இன் பண்ணுங்குது, அது ஏன்?

ஜன்னலோரம்:
அது மெஷ் பிரச்சினை இல்ல. உங்க சர்வர் வீட்ல இருந்தாலும் நீங்க யாருன்னு கேக்குறது அந்தக் கம்பெனிகிட்ட. சிலதுல இந்த ஐபி ரேஞ்சுல இருந்து வந்தா லாகின் கேக்காதேன்னு சொல்ல இடம் இருக்கும், நெட்டு இருக்குறப்பவே போட்டு வைங்க. இல்லன்னா ஜெல்லிஃபின்ங்குற மீடியா சர்வர் போடுங்க, அக்கவுண்ட் உங்க சர்வர்லயே இருக்கும், யாரையும் கேக்காது.

நாஸ பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கம் இருந்தா கடைசில டாட் லோக்கல் (.local) சேத்துக்கோங்க. அது எந்த டிஎன்எஸ் சர்வரையும் கேக்காது, 224.0.0.251க்கு மல்டிகாஸ்ட்ல கூவி நாஸே பதில் சொல்லும். லேப்டாப்ல டிஎன்எஸ்ஸுக்கு கைல 8.8.8.8 (கூகுளோட சர்வர்) போட்டு வச்சிருக்கறவங்களுக்கு நெட்டு போனா ரவுட்டர்ல வச்ச பேர் ஒண்ணும் வேலை செய்யாது, ஆனா டாட் லோக்கல் வேலை செய்யும்.

மாடிநோடு:
அப்டேட். பரண்ல கெடந்த பழைய ரவுட்டர எடுத்து நடுவுல வச்சு மெஷ்ஷ ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்தினேன். மாத்துறதுக்கே ஆப்புக்கு நெட்டு வேணும்னு தெரியாம முதல்ல லைன டிஸ்கனெக்ட் பண்ணிட்டு உக்காந்துட்டு இருந்தேன், அத விடுங்க. நாஸைப் பழைய ரவுட்டர் பின்னாடி சொருகிட்டு, அதுலயே நாஸுக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கிட்டேன்.

திரும்ப டிஸ்கனெக்ட் குடுத்து அரை மணி நேரம் பாத்தேன். மாடி நோடு மூணாவது நிமிஷம் சிவப்பாச்சு, நெஞ்சு பக்குன்னுச்சு, ஆனா பிங் நிக்கல! டிவில படம் ஓடிட்டே இருந்துச்சு. பின்ரூம் நோடு மட்டும் பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவை விட்டுட்டு தானா திரும்ப ஒட்டிக்கிச்சு. அதுக்கு சிக்னலே கம்மி, இடத்த மாத்திப் பாக்கணும். ஃபோன்ல தானா மொபைல் டேட்டாவுக்குப் போறத ஆஃப் பண்ணியாச்சு, நாஸ் ஆப்ல ஐபி போட்டாச்சு. மாடிக்கு கேபிள் இழுக்குறது படிக்கட்டு ஓரமா முடியும்னு தோணுது, அடுத்த லீவுல பாக்குறேன்.

இரவுக்குருவி:
பிரிண்டர்?

மாடிநோடு:
அது நெட்டு இருந்தாலே ஆஃப்லைன்னு சொல்ற ரகம், அதுக்குத் தனியா ஒரு கேள்வி போடணும்.